நூற்றெழுபது டிகிரியில் மூலிகைச் சாறு கருகாதா?

காவேரிப்பட்டணம் வாசகரின் கேள்வி, 11 ஆகஸ்ட் 2024

நிலவேம்புச் சாற்றைப் பொடியாக்கித் தருவதாகச் சொன்ன ஓர் ஆலையை நேரில் சென்று பார்த்தேன். இயந்திரத்துக்குள் போகும் காற்று 170 டிகிரி என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில்தான். அந்தச் சூட்டில் மருந்து எப்படி மிஞ்சும்? எங்கள் வீட்டு மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் 45 டிகிரியைத் தாண்டாது. இது புதிய யுகத்தின் ஏமாற்று வேலை என்பது என் கருத்து. விவரம் அறிந்தவர்கள் மறுக்கலாம்.

12 ஆகஸ்ட் 2024

மறுக்கிறேன். ஓசூர்ப் பக்கம் ஒரு ஆலையில் ஆறு ஆண்டுகள் அதே வகை இயந்திரத்தின் முன் நின்றவன் நான். இப்போது பாலக்கோட்டுக்கு அருகே சிறிய அளவில் சொந்தமாகச் செய்கிறேன்.

திரையில் நீங்கள் பார்த்த 170 என்பது காற்றின் சூடு. அது சாற்றின் சூடு அன்று. சித்திரை வெயிலில் திண்ணையில் வைத்த மண்பானையின் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் பார்த்த இயந்திரம் ஸ்பிரே டிரையர், அதாவது தெளித்துக் காயவைப்பது. அதில் சாறு சுமார் 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) அளவுள்ள துளிகளாகச் சிதறுகிறது. ஒரு லிட்டர் சாறு அப்படிச் சிதறினால் அந்தத் துளிகளின் மொத்த மேற்பரப்பு 120 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று சென்ட் நிலம். மூன்று சென்ட் பரப்பில் ஒரு லிட்டரைப் பூசிச் சூடான காற்றை ஊதினால் அது எவ்வளவு விரைவில் காயும் என்று எண்ணிப் பாருங்கள். சில நொடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. ஈரம் இருக்கும்வரை துளியின் சூடு 45 டிகிரிக்கு அருகிலேயே நிற்கிறது. உங்கள் மொட்டை மாடியின் கணக்கும் அதேதான். வேறுபாடு என்னவென்றால் அங்கே அது இரண்டு நாள் நீடிக்கிறது.

12 ஆகஸ்ட் 2024, இரவு

புதிய யுகம் என்றீர்கள். திரவத்தைத் தெளித்துக் காயவைக்கும் முறைக்கு அமெரிக்காவில் சாமுவேல் பெர்சி என்பவர் காப்புரிமை பெற்றது 1872இல். நாம் டம்ளரில் கலக்கும் பால் பவுடர் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

14 ஆகஸ்ட் 2024

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டும். எதிர்த்துப் பேசும் வேகத்தில் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிட்டேன். துளி 45 டிகிரியில் நிற்பது அதன் மேல் ஓடு கட்டும்வரைதான். ஓடு கட்டிய பிறகு உள்ளிருக்கும் ஈரம் வெளியே வரச் சிரமப்படுகிறது. அப்போது துகளின் சூடு ஏறி, வெளியேறும் காற்றின் சூட்டை நெருங்குகிறது. வெளியேறும் காற்று வழக்கமாக 80 முதல் 95 டிகிரி இருக்கும். ஆகவே இயந்திரத்தைப் பார்க்கப் போகிறவர் 170 என்ற எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. வெளியேறும் காற்றின் எண்ணைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பொடி முழுவதும் உடனே கீழே இறங்கிவிடுவதில்லை. அறையின் சுவரில் ஒட்டிய பொடி அந்தச் சூட்டில் மணிக்கணக்காக இருந்து பழுப்பாகிறது. ஷிப்டு முடிவில் சுவரைத் தட்டி எடுத்த அந்தப் பழுப்பை நல்ல பொடியோடு கலந்து எடையைக் கூட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த இடத்திலும் அது நடந்தது, நானும் தட்டியிருக்கிறேன். உங்கள் சந்தேகத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டென்றால் அது இந்தச் சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

19 ஆகஸ்ட் 2024

பென்னாகரத்திலிருந்து ஒருவர், தம் தகப்பனார் நெல்லிக்காயை மாடியில் காயவைத்து இடித்த பொடி இரண்டு ஆண்டுகள் கெடாமல் இருந்ததாக எழுதியிருக்கிறார். நம்புகிறேன். ஆனால் காயைக் காயவைப்பதும் சாற்றைக் காயவைப்பதும் ஒன்றல்ல. இலையும் காயும் செல்சுவருக்குள் தம் சரக்கைப் பூட்டி வைத்திருக்கின்றன. அவற்றை நிழலில் பரப்பினால் மெல்ல உலர்கின்றன. வெயிலைவிட நிழல் நல்லது என்று நம் பாட்டிகள் சொன்னது சரி. ஒளியும் சூடும் காற்றும் சேர்ந்தால் நெல்லியின் வைட்டமின் சி அழிகிறது, மஞ்சளின் நிறமும் வெளுக்கிறது. சாறு அப்படிப் பூட்டிய சரக்கு அன்று. சர்க்கரையும் அமிலமும் நீரும் சேர்ந்த அந்தக் கலவையைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால், அது காய்வதற்கு முன் புளித்துவிடும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் இயந்திரம் வாங்கக் காசில்லாமல், நாற்பது கிலோ நெல்லியைப் பிழிந்து, வீட்டிலிருந்த பெரிய இரும்பு வாணலியில் சுண்டக் காய்ச்சி, தாம்பாளங்களில் வெயிலுக்கு வைத்தேன். மறுநாள் காலையில் மேலே நுரை, கீழே கருமை. நுரை புளிப்பினால் வந்தது. கருமை வாணலியினால் வந்தது: நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மையாகிவிடும், கடுக்காயும் இரும்பும் சேர்த்து எழுதுமை செய்த அதே வேதியியல். பொடி விற்கவில்லை. கணக்கு எழுதப் பயன்படும் என்று வீட்டில் ஆறுதல் சொன்னார்கள்.

2 செப்டம்பர் 2024

இத்தனை நாள் எந்த உலர்த்தி நல்லது என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம். எனக்கே இப்போது அந்தக் கேள்வியின் மீது ஐயம் வந்துவிட்டது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பத்துக் கிலோ காய்ந்த நிலவேம்பை 80 லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைக்கிறோம். சக்கை குடித்ததும் ஆவியாகப் போனதும் நீங்க, வடிகட்டிய குடிநீர், அதாவது கஷாயம், 60 லிட்டர் கிடைக்கிறது. அதில் கரைந்துள்ள திடப்பொருள் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு நீர்த்த சாற்றை யாரும் நேராக உலர்த்திக்குள் விடுவதில்லை. முதலில் 30 விழுக்காடு திடப்பொருள் வரும்வரை சுண்டவைப்பார்கள். அப்போது மிஞ்சுவது மூன்றே கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கெட்டிச் சாறு. அதில் தண்ணீர் 2.3 லிட்டர். அதாவது 60 லிட்டரில் ஏறக்குறைய 57 லிட்டர் தண்ணீர் உலர்த்தியின் வாசலுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. ஸ்பிரே டிரையரா, தட்டா, உறைய வைத்து உலர்த்துவதா என்று நாம் அடித்துக்கொள்வதெல்லாம் கடைசி இரண்டு லிட்டருக்காக.

அந்த 57 லிட்டர் எப்படிப் போனது என்று யாரும் கேட்பதில்லை. திறந்த அண்டாவில் ஏழெட்டு மணி நேரம் 100 டிகிரியில் தளதளவென்று கொதித்திருந்தால், அதன் பிறகு நீங்கள் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தில் உலர்த்தினாலும் இழந்தது திரும்பாது. துளசியின் மணம் தரும் எண்ணெய் நீராவியோடு முதல் மணி நேரத்திலேயே கணிசமாகப் போய்விடுகிறது. ஆலைக்கு வெளியே நின்றால் தெரு முழுவதும் மணக்கும். தெருவில் மணப்பது பொடியில் இருக்காது.

3 செப்டம்பர் 2024

நேற்றைய குறிப்புக்கு, அப்படியானால் வெற்றிடத்தில் சுண்டவைப்பதுதானே வழி என்று இருவர் எழுதியுள்ளனர். ஆம். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். பாதரச அளவில் 55 மில்லிமீட்டர் அழுத்தத்தில் தண்ணீர் 40 டிகிரியிலேயே கொதிக்கும். நம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளிலும் இந்த வேலைக்குரிய ஆவியாக்கிகள் உண்டு. ஆனி ஆடியோடு மாம்பழப் பருவம் முடிந்தபின் அவை சும்மா கிடக்கின்றன. அப்படி ஒன்றை வாடகைக்குப் பிடித்துத்தான் என் தொழில் நிமிர்ந்தது.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். வெற்றிட மானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு குறைவு என்பதை. கடல்மட்டத்தில் வெளிக்காற்று 760 மில்லிமீட்டர். எனவே 40 டிகிரியில் கொதிக்க மானி 705 காட்ட வேண்டும். தருமபுரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர் உயரம். இங்கே வெளிக்காற்றே ஏறக்குறைய 719தான். ஓசூர் 900 மீட்டருக்கு அருகில். அங்கே சுமார் 683. சென்னையில் இயந்திரம் செய்து தந்தவர் மானியில் 700 வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஓசூரில் அது ஒருநாளும் வராது, ஏனென்றால் குறைப்பதற்கு அங்கே அவ்வளவு காற்றே இல்லை. பம்பில் கோளாறு என்று நாங்கள் மூன்று வாரம் கேஸ்கெட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தோம். ஓசூரில் 628 வந்தாலே 40 டிகிரிதான். தருமபுரியில் 664 வேண்டும். தெர்மாமீட்டரைப் பார்த்திருந்தால் முதல் நாளே விளங்கியிருக்கும்.

15 செப்டம்பர் 2024

ஆவியாக்கி வாங்கப்போவதாக எழுதிய ஊத்தங்கரைத் தம்பிக்கு: வெற்றிடத்தை மெதுவாக ஏற்றவும். சீயக்காய், பூந்திக்கொட்டை போன்ற நுரைக்கும் சரக்கென்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். நான் ஒருமுறை வால்வை ஒரே திருப்பில் திறந்தேன். முப்பது லிட்டர் குடிநீர் பால் பொங்குவதுபோல் எழுந்து பம்புக்குள் போனது. அன்றைய மருந்தைப் பம்பு குடித்தது.

27 அக்டோபர் 2024

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. நெல்லியும் வரத் தொடங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே மாதத்தில் வருவது எங்கள் தொழிலுக்கு வாய்த்த விதி. தகடூரின் அதியமான் தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியைப் பொடியாக்கி வைக்காமல் ஔவைக்குக் கனியாகவே கொடுத்தது எவ்வளவு சரி என்பது, ஈரக்காற்றில் நெல்லிப் பொடியை டப்பியில் அடைக்க முயன்றவனுக்குத்தான் தெரியும்.

மழைக்காலத்தில் வெல்லம் கசிவதை எல்லாரும் பார்த்திருப்போம். நெல்லிப் பொடியும் அவ்வாறே முதலில் ஒட்டுகிறது, பிறகு கட்டியாகிறது, கடைசியில் பாகாகிறது. காரணம் வெறும் ஈரம் மட்டுமன்று. சர்க்கரை விரைவாகக் காய்ந்தால் படிகமாகாமல் கண்ணாடி போன்ற நிலையில் உறைகிறது. அந்தக் கண்ணாடி ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் இளகி ஒட்டத் தொடங்கும். சாதாரணச் சர்க்கரைக்கு அந்த எல்லை 62 டிகிரி, குளுக்கோசுக்கு 31, பழங்களில் மிகுதியாயுள்ள ஃபிரக்டோசுக்கு வெறும் 5. உள்ளே சிறிது ஈரம் சேர்ந்தால் எல்லை இன்னும் கீழிறங்கும். ஆகவே 90 டிகிரி அறைக்குள் பழச்சாற்றைத் தெளித்தால் அது பொடியாக விழாமல் சுவரில் மிட்டாய் போல் ஒட்டிக்கொள்கிறது. நம் பக்கத்துப் புளியும் இப்படித்தான் அடம்பிடிக்கும்.

இதற்காகத்தான் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்க்கிறார்கள். மாவுப்பொருளைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்வது அது. அதன் எல்லை, வகையைப் பொறுத்து, 140 முதல் 160 டிகிரி வரை இருக்கும். கலவையின் எல்லையை அது மேலே இழுத்துப் பிடிக்கிறது. வேலம்பிசினும் இதே வேலையைச் செய்யும், விலை கூடுதல்.

29 அக்டோபர் 2024

மால்டோடெக்ஸ்ட்ரினைப் பற்றி எழுதியவுடன், அதுதான் கலப்படம் என்று மூவர் கோபப்பட்டிருக்கிறார்கள். சேர்ப்பது குற்றமன்று, சொல்லாமல் சேர்ப்பது குற்றம். நிலவேம்பு போன்ற கசப்புச் சரக்கில் சர்க்கரை குறைவு. அதற்குப் பத்தில் ஒரு பங்கு போதும், சில நேரம் அதுவும் வேண்டாம். நெல்லிக்குச் சரிபாதி தேவைப்படலாம்.

செப்டம்பர் 2 கணக்கைத் தொடர்கிறேன். பத்துக் கிலோ இலை ஒரு கிலோ திடப்பொருள் தந்தது. அதை அப்படியே உலர்த்தினால் ஒரு கிராம் பொடிக்குப் பின்னால் பத்துக் கிராம் இலை நிற்கிறது. டப்பியில் பத்துக்கு ஒன்று என்று எழுதலாம். அதனோடு ஒரு கிலோ மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்தால் பொடி இரண்டு கிலோ. இப்போது ஒரு கிராமுக்குப் பின்னால் ஐந்து கிராம் இலைதான். டப்பியில் மட்டும் பத்துக்கு ஒன்று என்ற எழுத்து அப்படியே இருக்கிறது. வாங்குகிறவர் சூட்டைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார், இதைக் கேட்பதில்லை. கேட்டால் பலருக்கு இருமல் வந்துவிடும்.

வீட்டிலேயே பார்க்க முடியுமா என்று கேட்டவருக்கு: ஒரு சிட்டிகைப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதைப்போல் ஐந்து மடங்கு சுத்தமான ஆல்கஹால் ஊற்றினால், மால்டோடெக்ஸ்ட்ரின் பெருமளவு கரையாமல் வெண்மையாகக் கலங்கும். ஆனால் செடியின் பிசினும் புரதமும் கூட அப்படிக் கலங்கும் என்பதால் இதை வைத்து யார்மீதும் வழக்குப் போட வேண்டாம்.

8 நவம்பர் 2024

உறைய வைத்து உலர்த்தும் முறையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சாற்றைப் பனிக்கட்டியாக்கி, பாதரச அளவில் 4.6 மில்லிமீட்டருக்கும் கீழே அழுத்தத்தைக் கொண்டுபோனால், பனி உருகாமல் நேரே ஆவியாகும். கற்பூரம் தட்டில் குறைவதைப்போல. சூடு படாத முறை என்பதால் வைட்டமின் சி போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு தொகுதிக்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். செலவு கேட்டால் நெல்லிக்காய் தங்கமாகிவிடும்.

9 நவம்பர் 2024

இதைவிட நல்ல வழி இல்லை என்று நேற்று எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். ஒரு ஆய்வகத்தில் பணம் கட்டி நெல்லியை அப்படி உலர்த்தி வாங்கினேன். இளம் நிறம், பழத்தின் மணம், நாக்கில் பட்டதும் கரைவது, எல்லாம் அருமை. ஆனால் பனி இருந்த இடமெல்லாம் துளையாக இருப்பதால் அந்தப் பொடி கடற்பஞ்சைப்போல் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. மார்கழியில் திறந்த டப்பியை மதியச் சாப்பாட்டுக்குப் போய்வருவதற்குள் கரண்டியால் தோண்ட வேண்டியதாயிற்று. சர்க்கரையின் பிடிவாதம் குளிரிலும் விடுவதில்லை. உலர்த்திய விதம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு நல்ல டப்பியும் அதற்கு வேண்டும். ஈரப்பதம் குறைத்த அறையில் அடைத்து, வெப்பத்தால் ஒட்டிய அலுமினியப் பையில் போடாவிட்டால் எல்லாம் வீண்.

தட்டு உலர்த்தியை இந்த விவாதத்தில் யாரும் மதிக்கவில்லை. வெற்றிடத் தட்டில் கெட்டிச் சாற்றை நான்கைந்து மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஊற்றாமல், 50 டிகிரியில் பொறுமையாக வைத்தால், அப்பளம்போல் நொறுங்கும் தகடு கிடைக்கிறது, அரைத்தால் பொடி. மால்டோடெக்ஸ்ட்ரின் தேவை குறைவு. நாள் முழுவதும் ஆகும், அரைக்கும்போது சூடேறாமல் பார்க்க வேண்டும். கனமாக ஊற்றினால் மேலே ஏடு கட்டி உள்ளே பச்சையாக நிற்கும். நிலவேம்புக்கும் சிறுகுறிஞ்சானுக்கும் இன்று நான் செய்வது இதுதான்.

24 நவம்பர் 2024

சீந்தில் சர்க்கரையை எப்படி எந்த இயந்திரமும் இல்லாமல் செய்தார்கள் என்று சித்தேரி மலைப்பக்கத்து நண்பர் கேட்டார். அது வேறு வழி. சீந்தில் தண்டை நசுக்கித் தண்ணீரில் பிசைந்து, தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, அடியில் படியும் மாவை உலர்த்துவார்கள். கரையாமல் படிவதை எடுப்பதால் 57 லிட்டரை ஆவியாக்க வேண்டிய வேலையே இல்லை. ஆனால் படிவது பெரும்பாலும் மாவுச்சத்து. கசப்பில் பெரும்பகுதி இறுத்த நீரோடு போகிறது. திரும்பத் திரும்பக் கழுவி வெள்ளையாக்கினால் விலை கூடும், கசப்பு குறையும்.

1 டிசம்பர் 2024

இத்தனை மாதமாகத் தண்ணீரை ஓட்டுவதைப் பற்றியே பேசி, எந்தத் தண்ணீர் என்று பேச மறந்துவிட்டோம். சித்த மருத்துவத்தில் கஷாயத்துக்குக் குடிநீர் என்றே பெயர். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் குடிநீர் என்றாலே முதலில் எழும் கேள்வி ஃபுளோரைடு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆனால் ஆலையில் ஓடுவது பெரும்பாலும் போர் தண்ணீர்.

தண்ணீர் ஆவியாகும், அதிலுள்ள உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 1.5 கிராம் உப்புள்ள போர் தண்ணீரில் காய்ச்சினால், 60 லிட்டரில் 90 கிராம். நாம் எடுத்தது ஒரு கிலோ திடப்பொருள் என்றால் அதில் 90 கிராம் நிலவேம்பு அன்று, நம் நிலம். ஃபுளோரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்றால், அது குடிநீருக்கு அனுமதித்த மேல்வரம்பான 1.5ஐப்போல் இரு மடங்கு. 60 லிட்டரில் 180 மில்லிகிராம், அதுவும் அதே பொடிக்குள். ஒரு கிராம் சாப்பிடுகிறவருக்கு அது பெரிய அளவு அன்று என்றாலும், அவர் விலை கொடுத்தது அதற்காக அன்று.

4 டிசம்பர் 2024

90 கிராம் என்பது அந்த உப்பு முழுவதும் பொடிக்குள் வந்தால் உள்ள கணக்கு. கொதிக்கும்போது சுண்ணாம்பு உப்பில் ஒரு பகுதி அண்டாவின் சுவரில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது, ஃபுளோரைடிலும் சிறிது அதோடு போகலாம். ஆனால் நெல்லி, புளி போன்ற புளிப்புச் சாற்றில் அந்தப் படிவே கரைந்து உள்ளே வந்துவிடும். என் பழைய பொடிகளைச் சுட்டுச் சாம்பலை நிறுத்துப் பார்த்தேன். ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுவதற்கு முன் செய்தவற்றின் எடையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

6 டிசம்பர் 2024

காவேரிப்பட்டணத்தார் மீண்டும் எழுதியிருக்கிறார். 170 டிகிரியை மன்னித்துவிட்டாராம். தம் தோட்டத்து நிலவேம்பு இருபது கிலோவைத் தைக்குப் பிறகு கொண்டுவருகிறாராம். அறுத்தவுடன் நிழலில் உலர்த்தி, சணல் சாக்கில் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். மால்டோடெக்ஸ்ட்ரின் இல்லாமல் தட்டில் போட்டுத் தருகிறேன், அண்டாவில் எவ்வளவு நேரம் கொதித்தது என்பதையும் எழுதித் தருகிறேன். வரும்போது உங்கள் போர் தண்ணீரில் ஐந்து லிட்டர் கொண்டு வாருங்கள். முதலில் அதைத்தான் தட்டில் ஊற்றிக் காயவைத்துப் பார்க்கப்போகிறோம்.